மூன்றாம் வரிசைச் சிப்பாய்: மேசைப்போர்ப் படைகளின் பாணிகளும் தரங்களும்

சிறந்த படைக்கான பரிசைத் தீர்மானிக்க நடுவர் மேசைக்கு வரும்போது, படைக்காரர் தன்னையறியாமல் தளபதிப் பொம்மையை அவர் பக்கம் திருப்பி வைப்பார். அதில் தப்பில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து தீட்டியது அதைத்தான்; மேலங்கியின் மடிப்பும் வாளின் பளபளப்பும் கண்ணின் கருமணியும் அதில்தான் இருக்கின்றன. விவரம் தெரிந்த நடுவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மூன்றாம் வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் சிப்பாய்களில் ஒருவனை உருவி எடுப்பார். திருப்பி முதுகைப் பார்ப்பார். காலடியில் சேறு இருக்கிறதே, அது பூட்ஸிலும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். தளபதிக்குச் சொன்ன கதை இவன் வரைக்கும் வந்து சேர்ந்ததா என்பதுதான் அவருடைய கேள்வி. என் கட்சியும் அதுதான். ஒரு கருவை வைத்துக் கட்டிய படையை எடைபோட மூன்றாம் வரிசைச் சிப்பாயைவிட நல்ல படிக்கல் கிடையாது. இந்தக் கலையில் பாணிகள் பல வந்துபோயின, போட்டி விதிகளும் பலமுறை மாறின. அந்தப் படிக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை ஒரு சுற்றுப் பார்த்து வரலாம்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு மேசை, அதன்மேல் குன்றும் இடிந்த சுவரும், மனித உருவத்துக்குச் சுமார் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள பொம்மைகள், பகடை, அங்குல டேப், ஒரு விதிநூல். ஒவ்வொரு பொம்மைக்கும் இத்தனை புள்ளி என்று மதிப்பு உண்டு. இரு தரப்பும் பெரும்பாலும் 2,000 புள்ளிக்குள் படையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். வார இறுதிப் போட்டி என்றால் இரண்டு நாளில் ஐந்து ஆட்டம் என்பது பரவலான வழக்கம். பொம்மைகள் சட்டத்தில் கோத்த துண்டுகளாக, நிறமில்லாமல் வரும். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிப்பது வாங்கியவர் பாடு. பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்து அப்படியே செய்துவிடலாம். இல்லையென்றால், இவர்கள் பனிக்காட்டில் மூன்று குளிர்காலம் முற்றுகையில் கிடந்தவர்கள் என்று தானே ஒரு கதை கட்டி, தலையை மாற்றி, கையை மாற்றி, சட்டைமேல் கம்பளி போர்த்தி, படை முழுவதையும் அந்தக் கதைக்குள் இழுத்துவரலாம். இங்கே பேச்சு இரண்டாவது ரகத்தாரைப் பற்றி.

இந்த மரபுக்குச் சொந்த ஊர் இங்கிலாந்து. 1893-இல் வில்லியம் பிரிட்டனின் கம்பெனி உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. ஈயம் குறைந்தது, விலையும் குறைந்தது, நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் கைக்கும் படை வந்தது. எச். ஜி. வெல்ஸ் அவற்றைத் தரையில் பரப்பி, ஸ்பிரிங் பீரங்கியால் மரக்குச்சி சுட்டு விளையாடிய விதிகளை 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாக்கினார். அந்தச் சிப்பாய்களுக்கு நிறம் தொழிற்சாலையிலேயே பூசியிருக்கும். பளபளக்கும் சிவப்புக் கோட்டுடன் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். வாங்கியவர் கத்தி எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

கத்தி எடுக்க வைத்தது பணத் தட்டுப்பாடு. டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 'வார் கேம்ஸ்' 1962-இல் வந்து, பெரியவர்களும் வெட்கமில்லாமல் பொம்மைப் படை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் குட்டிப் பிளாஸ்டிக் சிப்பாய்ப் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன. ஆனால் அவற்றில் வந்த காலங்களும் நாடுகளும் கொஞ்சம். ஒருவருக்கு ஆசைப்பட்ட போர் ஒன்று, கடையில் இருந்த சிப்பாய்கள் வேறு போருக்கானவர்கள். எனவே அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காரனின் தொப்பியைச் சீவினார்கள், கோட்டு வாலைப் பிளேடால் குறைத்தார்கள், சூடுகாட்டிய ஊசியால் மூட்டை இளக்கிக் கையை வளைத்தார்கள், பிளாஸ்டிசினில் புதுத் தொப்பி பிசைந்து வைத்து அது கலையாமலிருக்க மேலே பனானா ஆயில் பூசினார்கள். ராபின் ஹூட் கூட்டமும் நாட்டிங்ஹாம் ஷெரிஃபின் ஆட்களும் எத்தனை இடைக்காலப் படைகளுக்கு ஆள் கொடுத்திருப்பார்களோ. அந்தப் பிளாஸ்டிக் வளையும் ரகம். பெயிண்ட் அதில் பிடிக்காமல் உரியும். அடியில் பி.வி.ஏ. பசை ஒரு கோட் பூசி அதைச் சமாளித்தார்கள். இன்று ஐந்நூறு விதமான தலைகளை ஆர்டர் செய்து வாங்கிக் கன்வர்ஷன் (உருவத்தை மாற்றிக் கட்டுதல்) செய்பவர்களைப் பார்க்கும்போது, ஊசியைச் சூடுகாட்டிய அந்தத் தலைமுறையின் பொறுமைமேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

அவர்களிடமிருந்து வந்தது வரலாற்றுப் பாணி. ஹிஞ்ச்லிஃப் கம்பெனிக்குச் சிலை வடித்த பீட்டர் கில்டர் போன்றவர்கள் 1970-களில் அதை ஓர் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரிய மேசை, பெரிய பட்டாலியன், தூரத்திலிருந்து பார்த்தால் போர்க்கள ஓவியம். இந்தப் பாணிக்குத் தரம் என்றால் இரண்டு: சீருடைச் சரித்திரம் தப்பக்கூடாது, கூட்டம் கூட்டமாகத் தெரிய வேண்டும். எந்த ரெஜிமெண்டுக்குக் காலர் மஞ்சள், எதற்குப் பச்சை என்று சண்டை போடுவார்கள். பொத்தான் எண்ணுபவர்கள் என்று இவர்களுக்கு ஒரு கேலிப்பெயரே உண்டு. கேலி கிடக்கட்டும். மூன்றாம் வரிசைச் சிப்பாய்க்கு நியாயம் செய்த முதல் பாணி இதுதான். தளபதிக்குத் தனி அலங்காரம் கிடையாது. நாற்பது பேரும் ஒரே கையால் ஒரே அக்கறையில் தீட்டப்பட்டிருப்பார்கள். பின்னாளில் கெவின் டாலிமோர் ஃபவுண்டரி கம்பெனியின் பெயிண்ட்களை வைத்துப் பிரபலமாக்கிய மூன்றடுக்கு முறையும் இந்த வழியில் வந்ததே. ஒரே நிறத்தில் இருள், நடு, வெளிச்சம் என்று மூன்று. ஒன்றோடொன்று கலக்காமல், கோடு தெரியத் தீட்ட வேண்டும். கையில் எடுத்தால் கரடுமுரடாக இருக்கும், மேசையில் வைத்தால் உயிர் வந்துவிடும்.

அடுத்த அத்தியாயம் முழுக்க நாட்டிங்ஹாம். கேம்ஸ் ஒர்க்ஷாப் 1975-இல் லண்டனில் தொடங்கியது. அதன் துணையோடு பிரையன் ஆன்செல் 1970-களின் கடைசியில் நியூவார்க்கில் சிட்டாடெல் மினியேச்சர்ஸைத் தொடங்கினார். பிறகு எல்லாம் நாட்டிங்ஹாம் பக்கம் வந்து சேர்ந்தது. இன்று சிற்பிகளும் சிறு கம்பெனிகளும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அந்த வட்டாரத்துக்கு 'லெட் பெல்ட்' என்றே பெயர். 1983-இல் வார்ஹேமர் என்ற விளையாட்டு வந்தது, 1987-இல் வார்ஹேமர் 40,000. அதே 1987-இல் கோல்டன் டீமன் என்ற பெயிண்டிங் போட்டியும் தொடங்கியது. அதன் ஒட்டுமொத்த வெற்றியாளருக்குத் தரும் ஸ்லேயர் சோர்டு நிஜமாகவே கையில் தூக்கிப் பிடிக்கும் வாள். கற்பனை உலகம் என்பதால் பொத்தான் எண்ண ஆளில்லை. எந்தப் படைக்கு எந்த நிறம் என்று நீங்களே சட்டம் போடலாம். அந்தச் சுதந்திரத்தில்தான் ஒரே கருவில் கட்டும் 'கருப்படை' என்ற எண்ணமே வேர்பிடித்தது. அந்தக் காலத்துப் புகழ்பெற்ற கன்வர்ஷன் ஒன்று, டியோடரன்ட் டப்பாவை உடலாக வைத்துச் செய்த மிதவை டாங்க். கம்பெனியே அதைச் செய்முறையோடு அச்சிட்டது. குப்பைக்கூடையில் கிடப்பதிலிருந்து உன் படையைக் கட்டு என்று ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளரிடம் சொன்ன காலம் அது. இப்போது சொல்லுமா?

நாட்டிங்ஹாம் பாணிக்கு ஈவி மெட்டல் என்று பெயர். கம்பெனியின் உள்ளேயே இருந்த ஓவியர் குழுவின் பெயர் அது. மைக் மெக்வே போன்றவர்களின் கையில் அது ஓர் இலக்கணமானது. அந்த இலக்கணத்தின் உயிர் எட்ஜ் ஹைலைட். வார்ஹேமர் 40,000-இன் கவச வீரனான ஸ்பேஸ் மரீனின் தோள்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. முதலில் நீலம் இரண்டு மெல்லிய கோட், ஒன்று காய்ந்தபின் மற்றொன்று. பள்ளங்களில் அடர்நீலம் ஓடவிட வேண்டும். பிறகு வெளிர்நீலத்தைத் தண்ணீர்விட்டு இளக்கி, பிரஷை டிஷ்யூவில் ஒற்றி, நுனியால் அல்லாமல் பக்கவாட்டு மயிரால் கவசத்தின் விளிம்பை வருட வேண்டும். விளிம்பே கோட்டை வாங்கிக்கொள்ளும். அதன்மேல் மூலைகளில் மட்டும் இன்னும் வெளிர்ந்த ஒரு புள்ளி. கை நடுங்கி பெயிண்ட் உள்ளே இறங்கினால் மறுபடி அடிநீலத்தால் திருத்த வேண்டும். இப்படி ஓர் ஆளுக்கு எத்தனை விளிம்பு! உலகத்தில் எந்த வெளிச்சமும் இப்படி எல்லா விளிம்பிலும் ஒரே சமயத்தில் விழாது. அது நிஜ வெளிச்சம் என்று யாரும் சொல்லவும் இல்லை. சின்ன உருவம் அச்சில் தெளிவாகத் தெரிய வேண்டும், கவசம் எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது என்று புரிய வேண்டும், அவ்வளவுதான். கேட்டலாக்குக்காகப் பிறந்த பாணி என்று இதைக் குறை சொல்வார்கள். நான் அதையே அதன் பெருமையாகச் சொல்வேன். மூன்றடி தூரத்தில் எதிராளிக்குப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது மேசைப்போரின் முதல் தேவை. 1990-களின் முற்பாதியில் இதுவே திகட்டும் அளவுக்குப் போனது. எங்கும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, எல்லா அடித்தட்டிலும் காப்ளின் கிரீன் என்ற ஒரே பச்சை. பாலைவனப் படைக்கும் பச்சை, சுடுகாட்டுப் படைக்கும் பச்சை. இன்று அந்தப் பச்சையைத் தேடி வாங்கிப் பூசும் பழைமைப் பிரியர்கள் பெருகிவிட்டார்கள். ரசனைக்குக் கணக்கில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம், ஐரோப்பாவில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிரான்சில் 1997-இல் தொடங்கிய ராக்கம் கம்பெனியின் 'கான்ஃப்ரன்டேஷன்' பொம்மைகளோடு, உலோகப் பொடி கலந்த பெயிண்ட் இல்லாமல் உலோகத்தைக் காட்டும் முறை பெரிதாகப் பேசப்பட்டது. வாளுக்கு வெள்ளிப் பெயிண்ட் கிடையாது. கறுப்பு, சாம்பல், நீலம், வெள்ளை மட்டும். வாளின் ஒரு பக்கத்தில் இருளிலிருந்து வெளிச்சத்துக்குப் போனால் மறுபக்கத்தில் வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வர வேண்டும். புகைப்படத்தில் பார்த்தால் நிஜ எஃகு. ஆனால் அந்த வெளிச்சம் ஒரு கோணத்துக்கு மட்டும் உண்மை. மேசையில் பொம்மையைத் திருப்பினால் பிரதிபலிப்பு கூடவே திரும்பாது. ஸ்பெயினில் வலேஹோ பெயிண்ட்களும் ஆந்த்ரேயா கம்பெனியின் பெரிய உருவங்களும் வளர்த்த மரபு, உச்சியிலிருந்து ஒரே ஒளி விழுவதாக வைத்து முகத்தையும் துணியையும் குழைத்துக் குழைத்துத் தீட்டுவது. இவை அருமையான கலைகள் என்பதில் சந்தேகமில்லை. ஒரு படைக்கு இவை ஒத்துவருமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இந்த முறையில் தீட்டிய தளபதிக்குப் பின்னால் நூறு காலாட்கள் அவசர அவசரமாகப் பூசப்பட்டு நிற்பதைப் போட்டிகளில் பார்க்கலாம். அது ஓர் ஓவியமும் அதன் பின்னால் ஒரு வேலியும். ராக்கம் 2010-இல் மூடிவிட்டது. அந்தக் கைகள் தனிப்பட்ட சிலைகளிலும் மார்பளவு உருவங்களிலும் இன்னும் ஓடுகின்றன. அமெரிக்காவின் அடெப்டிகான் விழாவில் 2011-இல் தொடங்கிய கிரிஸ்டல் பிரஷ் போட்டி முதல் பரிசாக 10,000 டாலர் அறிவித்தபோது பந்தயமே தனி உருவத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் எதிர்க்கட்சி ஒன்று நாட்டிங்ஹாமின் வயிற்றிலேயே பிறந்தது. கம்பெனியின் ஓவிய இயக்குநராகப் பல்லாண்டு இருந்த ஜான் பிளான்ச், 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகையில் 'பிளான்சிட்ஸு' என்ற தலைப்பில் தன் கைவரிசையைக் காட்டினார். பழுப்பு, துரு, காய்ந்த ரத்தம், அழுக்கு மஞ்சள். இவ்வளவுதான் அவருடைய தட்டு. விளிம்புகளுக்குக் கோடு கிடையாது. 2001-இல் வந்த 'இன்குவிசிட்டர்' 54 மில்லிமீட்டர் அளவில் ஒருசில பாத்திரங்களை மட்டும் வைத்து ஆடும் விளையாட்டு. அதன் மனநிலையை 28 மில்லிமீட்டருக்கு இறக்கிக் கொண்டவர்கள் இந்தப் பாணியின் சீடர்கள். ஒரு பொம்மைக்கு ஏழு பெட்டியிலிருந்து உறுப்பு எடுப்பார்கள். புனிதப் பயணியின் உடல், எலும்புக்கூட்டின் கை, கடிகாரத்திலிருந்து ஒரு பல்சக்கரம், தலைக்குமேல் மெழுகுவர்த்தி. ஆயில் பெயிண்டைக் கரைத்து முழுதும் பூசி, காய்வதற்குள் பஞ்சால் துடைத்தெடுப்பார்கள். துடைத்த இடம் மேடு, துடைக்காத இடம் பள்ளம். கருவென்று பார்த்தால் இவர்களை மிஞ்ச ஆளில்லை. மூன்றாம் வரிசைச் சிப்பாய் என்ற ஒருவனே இவர்களிடம் கிடையாது, ஏனென்றால் எல்லோரும் தனிப்பாத்திரம். சிக்கல் மேசையில்தான் வரும். இதில் துப்பாக்கிக்காரன் யார், மருத்துவன் யார் என்று எதிராளி கேட்டுக்கொண்டே இருப்பார். ஐந்து பேர் குழுவுக்கு அது அழகு. எண்பது பேர் படைக்கு அது தலைவலி.

வேகப் பாணிகளைப் பற்றி உயர்குலத்தார் மூக்கைச் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். மரத்துக்குப் பூசும் பழுப்பு வார்னிஷில் பொம்மையை முக்கி உதறுவது ஒரு காலத்தில் ஏழைகளின் ரகசியம். 2007-இல் தொடங்கிய டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் கம்பெனி அதையே டப்பாவில் அடைத்து விற்றது. 2019-இல் சிட்டாடெலின் கான்ட்ராஸ்ட் பெயிண்ட் வந்தது. வெள்ளைப் பிரைமர்மேல் ஒரே கோட். மேட்டில் வெளுத்து, பள்ளத்தில் அடர்ந்து, நிழலும் வெளிச்சமும் தானே அமைந்துவிடும். கறுப்பின்மேல் வெள்ளையை டிரைபிரஷ் செய்துவிட்டு, அதாவது உலர்ந்த பிரஷால் மேடுகளில் தேய்த்துவிட்டு, அதன்மேல் கான்ட்ராஸ்ட் பூசும் முறைக்கு 'ஸ்லாப்சாப்' என்று பெயர். இவற்றால் முகத்தில் நுணுக்கம் வராது, பரந்த கவசத்தில் திட்டுத்திட்டாக நிற்கும். ஆனாலும் நாற்பது சிப்பாய்களும் ஒரே தரத்தில் நிற்பார்கள். எட்டு சிப்பாய்களைத் தங்கமாகத் தீட்டிவிட்டு மீதி முப்பத்திரண்டு பேரைச் சாம்பல் பிளாஸ்டிக்காகவே மேசையேற்றும் மேதைகளைவிட எனக்கு இவர்கள் மேல்.

இனிக் கன்வர்ஷன். இங்கேதான் கருப்படை ஜெயிக்கும், அல்லது விழும். ஓர் உதாரணம். கேம்ஸ் ஒர்க்ஷாப் 1990-களில் பிரேட்டோரியன் கார்டு என்று உலோகத்தில் ஒரு படை விட்டது. ஜூலூ போர்க்காலத்து ஆங்கிலச் சிப்பாயின் சிவப்புக் கோட்டும் சோலா தொப்பியும், கையில் லேசர் துப்பாக்கி. விற்பனை நின்று வெகுகாலமாயிற்று, ஆசை நிற்கவில்லை. எனவே பலர் அதே கம்பெனியின் பிளாஸ்டிக் கேடியன் சிப்பாய் உடலை வாங்கி, ஜூலூ போர் வரலாற்றுப் பெட்டிகளிலிருந்து தலையை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டியதும் தெரியும் கோளாறு. வரலாற்றுக் கம்பெனிகள் மனித விகிதத்தில் வடிக்கின்றன, கேம்ஸ் ஒர்க்ஷாப் வீர விகிதத்தில்: தலை பெரிது, கை பெரிது, துப்பாக்கி பெரிது. வரலாற்றுத் தலை கேடியன் உடலில், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை போல உட்காரும். இதற்குத் தீர்வு இரண்டு. வீர விகிதத்தில் ரெசினில் தலை மட்டும் வார்த்து விற்கும் சிறு கம்பெனிகளிடம் வாங்கலாம். அல்லது வரலாற்றுத் தலையை ஒதுக்கிவிட்டு, கேடியன் தலையின் ஹெல்மெட்டைச் சீவி, கிரீன் ஸ்டஃபில் தொப்பி வடிக்கலாம். கிரீன் ஸ்டஃப் என்பது நீலமும் மஞ்சளுமாக வரும் இருபாக எபாக்சி. பச்சையாகும்வரை பிசைய வேண்டும். கருவியில் ஒட்டாமலிருக்கத் தண்ணீரோ வாசலினோ தொட்டுக்கொள்ள வேண்டும். கையில் எடுத்த ஒன்றரை மணிநேரத்துக்குள் உருவம் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இறுகத் தொடங்கும். ஒரு தொப்பி வடிப்பது ஆனந்தம். அறுபதாவது தொப்பி வடிப்பது வேறு. கருவைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்குப் பார்க்காதவர்களின் படைகள் பத்துப் பேரோடு அலமாரியில் நிற்கின்றன.

சதுர அடித்தட்டில் அணிவகுக்கும் ஆட்டங்களில் இன்னொரு வம்பு. பழைய வார்ஹேமரில் மனிதக் காலாளுக்கு 20 மில்லிமீட்டர் சதுரம். 2024-இல் அதன் மறுவருகையாக 'தி ஓல்ட் வேர்ல்ட்' வந்தபோது அது 25 ஆயிற்று. ஈட்டியை அழகாகக் குறுக்கே சாய்த்து ஒட்டிவிட்டால் பக்கத்து ஆள் உள்ளே நுழைய மாட்டான். அதனால் ஒட்டும்போதே வரிசையில் நிறுத்திப் பார்த்து, அடித்தட்டின் கீழே எண் எழுதி வைப்பார்கள்: ஐந்தின் வலப்பக்கம் ஆறு, ஆறின் பின்னால் பன்னிரண்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் அந்தக் கணக்கில் அடுக்க வேண்டும். பயணம் இன்னொரு எதிரி. மெல்லிய பிளாஸ்டிக் ஈட்டி ரயிலில் ஒடியும். அதை அறுத்துவிட்டுப் பித்தளைக் கம்பி வைப்பார்கள். உலோகத் தலையையும் ரெசின் சிறகையும் பசை மட்டும் தாங்காது. இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டுக் கம்பி கோத்து ஒட்ட வேண்டும். அடித்தட்டின் கீழே குட்டிக் காந்தம், பெட்டிக்குள் இரும்புத் தகடு. கவிழ்த்தாலும் படை விழாது.

வார்ஹேமர் 40,000-இன் ஆர்க் இனப் படைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. எதிரியின் டாங்கைத் திருடித் தகரம் அடித்துத் தனதாக்குவது அந்த இனத்தின் சுபாவம். அதற்கு விதிநூலிலேயே இடம் இருந்தது. சிவப்புப் பூசினால் வண்டி வேகமாக ஓடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு காலத்து விதியில் சிவப்பு வண்டிக்கு ஓர் அங்குலம் கூடுதல் ஓட்டமும் கொடுத்தார்கள். பெயிண்டுக்கும் பகடைக்கும் இத்தனை நேரடிச் சம்பந்தம் வேறெங்கும் கிடையாது. ஆனால் எதையும் அனுமதிக்கும் கருவில் ஆபத்து உண்டு. எல்லாத் தகரமும் எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டிருந்தால் கண் நிற்க இடமில்லாமல் போகும்.

கத்தியே தேவைப்படாத கருவும் உண்டு. கடலில் மூழ்கி எழுந்த எலும்புக்கூட்டுப் படை என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் வரும் எலும்புக்கூடுகளே போதும். கவசத்துக்குப் பித்தளை நிறம் பூசி, அதன்மேல் தண்ணீராகக் கரைத்த பச்சை-நீலத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டால் களிம்பு ஏறிவிடும். தேயும் இடங்களில், அதாவது கேடயத்தின் விளிம்பிலும் முழங்காலிலும், களிம்பைத் துடைத்துவிட வேண்டும். உரசும் இடத்தில் களிம்பு நிற்காது. கிரீன் ஸ்டஃபைக் கடுகளவு உருட்டி ஒட்டி, நடுவில் ஊசியால் ஒரு குத்து, பார்னக்கிள் சிப்பி. அதை எங்கே ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது கெட்டிக்காரத்தனம். பலர் தளபதியின் தோளில் கொத்தாக ஒட்டிவிட்டு, காலாட்களுக்கு மறந்துவிடுவார்கள். எல்லாக் காலாட்களுக்கும் ஒரே பக்கத்தில், கடலடியில் மண்ணில் புதையாமல் மேலே நின்ற பக்கத்தில், இரண்டோ மூன்றோ ஒட்டினால் படை முழுவதும் ஒரே கப்பலில் முழுகியவர்கள் என்பது பேசாமலே தெரியும். புதைந்த பக்கத்து எலும்பு வெளுத்திருக்காது, மண் கறை ஏறியிருக்கும். மூன்றாம் வரிசைச் சிப்பாயை எடுத்துத் திருப்பும் நடுவர் தேடுவது இப்படி ஒரு யோசனையைத்தான்.

தரம் பற்றிய விதிகள் இந்த யோசனைகளுக்கு வெகு கீழே ஓடுகின்றன. நெடுங்காலம் போட்டிகளின் குறைந்தபட்ச நிபந்தனை மூன்று நிறமும் அடித்தட்டு அலங்காரமும்தான். எந்த மூன்று நிறம் என்று கேள்வி இல்லை. உடலுக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று முதல் நாள் இரவு ஓட்டல் அறையில் பூசிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். 2020-இல் வந்த வார்ஹேமர் 40,000-இன் ஒன்பதாம் பதிப்பு, ஓர் ஆட்டத்தின் 100 புள்ளியில் 10-ஐ, படை முழுக்கத் தீட்டி அடித்தட்டும் முடித்திருந்தால் தருவதாக விதியிலேயே எழுதிவிட்டது. கூச்சல் எழுந்தது. ஆட்டத் திறமைக்கும் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். 1990-களின் பெரிய போட்டிகளில் தோற்றத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் சேர்த்தே மதிப்பெண் போட்டுச் சாம்பியனைத் தேர்ந்தெடுத்த வழக்கத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். பத்துப் புள்ளி எனக்குச் சரியாகவே படுகிறது. அது கலைக்குக் கொடுக்கும் மதிப்பெண் அல்ல, எதிராளியின் கண்ணுக்குக் கொடுக்கும் மரியாதை.

அழகுப் பரிசு தனி. அதற்குரிய தாளில் பெரும்பாலும் பெயிண்ட் சுத்தம், நிழலும் வெளிச்சமும், அடித்தட்டு, படை முழுவதும் ஒரே சீர், கன்வர்ஷன், கையால் வரைந்த சின்னங்கள், படையை நிறுத்திவைக்கும் காட்சிப் பலகை என்று கட்டங்கள் இருக்கும். கட்டங்களால் வரும் கோளாறு, எல்லாக் கட்டத்துக்கும் ஏதாவது ஒன்று செய்து வைப்பது. கொடி ஒன்றில் ஓர் ஓவியம், பலகையில் எரியும் விளக்கு, நாலு கன்வர்ஷன். மதிப்பெண் கூடும், கரு கரையும். காட்சிப் பலகையை இன்னும் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடலாம் என்பது என் அபிப்பிராயம். கோட்டையும் நீர்வீழ்ச்சியும் கட்டத் தச்சு வேலை தெரிந்தால் போதும். கேம்ஸ் ஒர்க்ஷாப் கடைகளில் நடக்கும் 'ஆர்மீஸ் ஆன் பரேட்' அதற்கென்றே உள்ள விழா. அங்கே அது பொருந்தும். காசு கொடுத்துத் தீட்டுவித்த படை ஆட்டத்துக்கு வரலாம், அழகுப் பரிசுக்கு வரக்கூடாது என்பதில் பெரும்பாலான போட்டிகளுக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

கன்வர்ஷனுக்கென்று உள்ள விதிகள்தான் சுவாரசியம். முதலாவது, கண்டதே கணக்கு: கையில் வாள் இருந்தால் அவனிடம் வாள் இருக்கிறது; இல்லாத பீரங்கியை வாயால் சொல்லி ஆட முடியாது. இரண்டாவது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கலாம், ஆனால் எதிராளி ஒரே தடவை சொன்னதும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். கரடிமேல் ஏறிய வீரர்கள் எல்லோரும் கனக் குதிரைப்படை என்றால் பிரச்சினை இல்லை. பழுப்புக் கரடி குதிரைப்படை, கறுப்புக் கரடி தேர்ப்படை என்றால் சண்டை வரும். மூன்றாவது, உருவத்தைச் சுருக்கி லாபம் தேடக்கூடாது. யார் யாருக்குத் தெரிகிறார்கள் என்பதைப் பொம்மையின் கண் மட்டத்தில் குனிந்து பார்த்துத் தீர்மானிக்கும் ஆட்டங்களில், நின்ற உருவத்தை மண்டியிட வைத்தால் சுவருக்குப் பின்னால் முழுக்க மறைந்துகொள்வான். கன்வர்ஷன் எவ்வளவு அழகானாலும் நடுவர் அசல் பொம்மையின் உயரத்தை வைத்தே தீர்ப்புச் சொல்வார். அடித்தட்டின் அளவும் அப்படியே.

இப்போது எல்லா விதித்தாள்களையும் புரட்டிப் போடுவது முப்பரிமாண அச்சு. வீட்டு ரெசின் பிரிண்டரில் ஒரு ராத்திரியில் அறுபது தொப்பித் தலை அச்சாகிறது, வேண்டிய விகிதத்தில். கிரீன் ஸ்டஃப் பிசைந்த விரல்களுக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். கணினியில் தலையைத் தானே வடித்தவருக்கும், வடித்த கோப்பைக் காசு கொடுத்து இறக்கிக்கொண்டவருக்கும் கன்வர்ஷன் கட்டத்தில் ஒரே மதிப்பெண்ணா என்ற கேள்விக்கு நடுவர்களிடையே இன்னும் ஒருமித்த பதில் வரவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மேசையில் நிற்கும் தலையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, படைக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேம்ஸ் ஒர்க்ஷாப் தன் நாட்டிங்ஹாம் மண்டபத்தில் நடத்தும் போட்டிகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தன் பொம்மை, தன் உறுப்பு மட்டும். அங்கே வாசலிலேயே நின்றுவிடும் சோலா தொப்பிப் படை, வெளியார் நடத்தும் போட்டி ஒன்றில் அடுத்த மாதமே பரிசு மேசையில் இருக்கக்கூடும். அறுபது கேடியன் தலைகளைச் சீவ உட்காருபவர், எந்த ஊர்ப் போட்டிக்குப் போகப்போகிறோம் என்பதை அதற்கு முந்தின நாளே முடிவு செய்துகொண்டால் பிளேடு மிச்சம்.